அந்த நாப்பது செகண்ட் யார் கையில இருக்கு

தம்பி, நீங்க கேட்டது மூணு விஷயம். ஏஐ டிரோன் யாரும் சொல்லாமலே தானா ஆளைத் தேடிப் போய் அடிக்கும்ங்கிறது உண்மையா, நம்ம இந்தியாகிட்ட அந்த மாதிரி ஏதாவது இருக்கா, உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து இதைத் தடை பண்ண முடியாதா. கூடவே நீங்க ஏரோனாட்டிக்ஸ் கடைசி வருஷம்னும், டிரோன் ஆயுதம் செய்யற ஒரு கம்பெனியில வேலை கிடைச்சிருக்குன்னும், போறதா வேணாமான்னு ராத்திரி தூக்கம் வரலைன்னும் எழுதியிருந்தீங்க. உண்மையில அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் விமானப்படையில தரை ரேடார் கேபின்ல பதினோரு வருஷம் உட்கார்ந்திருக்கேன். 90கள்ல ஒரு பயிற்சி, ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஸ்கோப்ல, அதாவது ரேடார் திரையில, ஒரு டிராக் வருது, நகர்ற ஒரு புள்ளி. வேகம் அதிகம், நேரா நம்ம பக்கம் வருது, விமானம் வரவேண்டிய காரிடார்ல இல்லை, ஐ.எஃப்.எஃப்ல கேட்டா பதில் இல்லை. ஐ.எஃப்.எஃப்னா தெரியும்ல, நம்ம ரேடார் ஒரு சிக்னல் அனுப்பி "நீ யாரு"ன்னு கேக்கும், நம்ம விமானமா இருந்தா அதுல இருக்கற பெட்டி சரியான கோடைத் திருப்பி அனுப்பும். பதில் வரலை. புத்தகத்துல போட்டிருக்கற நாலு கண்டிஷனும் பொருந்துது, நான் ஹாஸ்டைல், அதாவது எதிரின்னு, கூப்பிட்டுட்டேன். பக்கத்துல இருந்த வாரண்ட் ஆபீசர் என்னை நிமிர்ந்துகூட பாக்கலை, ஃபீல்ட் டெலிபோன் கைப்பிடியைச் சுத்தி அடுத்த ஸ்டேஷனைப் பிடிச்சு "உங்க பக்கத்துல இருந்து ஏதாவது வருதா"ன்னு கேட்டார். அங்கருந்து, ஆமா நம்ம பயல்தான், அந்தப் பதில் அனுப்பற பெட்டி, டிரான்ஸ்பாண்டர், வேலை செய்யலைன்னு ரேடியோல சொல்லிட்டு திரும்பி வந்துட்டிருக்கான்னு பதில் வந்துச்சு. மொத்தம் ஒரு நாப்பது செகண்ட் ஆகியிருக்கும். பயிற்சிதான், ஏவுகணை ஒண்ணும் லாஞ்சர்ல இல்லை, ஆனா அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் எந்த டிராக்கையும் அதே கண்ணால பாக்கலை.

இதை எதுக்கு முதல்ல சொல்றேன்னா, தானியங்கி ஆயுதம்னு பேச ஆரம்பிச்சா எல்லாரும் சினிமால வர்ற ரோபோவை நினைச்சுக்கறாங்க. விஷயம் அங்க இல்லை. அந்த நாப்பது செகண்டும் அந்த டெலிபோனும் யார்கிட்ட இருக்கு, அதுலதான் எல்லாமே இருக்கு.

2003 மார்ச், இராக் போர் தொடங்கி மூணு நாலு நாள். பிரிட்டிஷ் விமானப்படையோட டொர்னாடோ போர் விமானம் ஒண்ணு வேலையை முடிச்சிட்டு குவைத்ல இருக்கற அலி அல் சலேம் தளத்துக்குத் திரும்பிட்டிருக்கு. எல்லைக்கிட்ட ஒரு அமெரிக்க பேட்ரியாட் பேட்டரி, அதாவது வானத்துல வர்றதைச் சுட்டு வீழ்த்தற ஏவுகணைப் பிரிவு. அதோட கம்ப்யூட்டர் இந்த விமானம் இறங்கி வர்ற பாதையையும் வேகத்தையும் பாத்துட்டு, இது ரேடாரை அழிக்க வர்ற ஏவுகணைன்னு வகைப்படுத்திருச்சு. ஐ.எஃப்.எஃப்ல கேட்டாங்க, பதில் இல்லை. முடிவெடுக்க அந்தக் குழுவுக்குக் கிடைச்சது சுமார் ஒரு நிமிஷம். சுட்டாங்க. விமானத்துல இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க.

பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் அப்புறம் வெளியிட்ட விசாரணை அறிக்கையை நான் பல தடவை படிச்சிருக்கேன். அதுல என்ன இருக்குன்னா, ரேடாரை அடிக்கற ஏவுகணைன்னு அடையாளம் காண பேட்ரியாட்ல வச்சிருந்த அளவுகோல் உலகத்துல இருக்கற எல்லா வகையையும் மனசுல வச்சு ரொம்ப அகலமா போட்டது, இராக்கிட்ட என்ன இருக்குன்னு பாத்து அதைச் சுருக்கவே இல்லை. டொர்னாடோவோட ஐ.எஃப்.எஃப் பெட்டிக்கு மின்சாரம் போகாம இருந்திருக்கலாம்னு எழுதியிருக்காங்க. எல்லாத்துக்கும் மேல, அந்த பேட்டரிக்குரிய தகவல் தொடர்பு சாதனம் அமெரிக்காவில இருந்து இன்னும் வந்தே சேரலை, வழியில இருந்துச்சு, அதனால பக்கத்துல இருந்த இன்னொரு யூனிட் மூலமா வாய்வழியாத்தான் தலைமையகத்தோட பேசிட்டிருந்தாங்க. வானத்துல மொத்தமா யார் யார் இருக்காங்கன்னு அவங்க ஸ்கிரீன்ல தெரியவே இல்லை. எங்க கேபின்ல இருந்த அந்த டெலிபோன் அவங்ககிட்ட இல்லை தம்பி, நான் இதைப் படிச்சப்ப எனக்கு அதுதான் நெஞ்சுல குத்துச்சு. குழுவுக்குக் கொடுத்த பயிற்சியைப் பத்தியும் அறிக்கை சொல்லுது, சீக்கிரம் வினையாற்று, முந்திக்கிட்டு அடி, சிஸ்டத்தை நம்பு, இப்படித்தான் பழக்கியிருந்தாங்கன்னு.

பத்து நாள்தான் ஆச்சு, ஏப்ரல் 2, கர்பலா பக்கத்துல அமெரிக்கக் கடற்படையோட ஹார்னெட் போர் விமானம் ஒண்ணையே இன்னொரு பேட்ரியாட் அடிச்சு விழுத்திருச்சு, பைலட் இறந்துட்டார். அங்க ஸ்கிரீன்ல தெரிஞ்சது ஒரு பாலிஸ்டிக் ஏவுகணை, உண்மையில அப்படி ஒண்ணு வரவே இல்லை. இதுக்கு நடுவுல ஒரு எஃப்-16 பைலட் தன்னை ரேடார் லாக் பண்ணுதுன்னு நினைச்சு பேட்ரியாட் ரேடார் மேலயே ஏவுகணையை விட்டுட்டார், நல்லவேளை ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. அமெரிக்க பாதுகாப்பு அறிவியல் குழு 2005ல இதையெல்லாம் ஆராய்ஞ்சு கொடுத்த அறிக்கையில, செயல்முறை பெரும்பாலும் தானாவே ஓடற மாதிரி இருந்துச்சு, ஆபரேட்டர்களும் மென்பொருளை நம்பப் பழக்கப்பட்டிருந்தாங்கன்னு எழுதினாங்க. அதே அறிக்கையில அதே பேட்ரியாட், அந்தப் போர்ல எதிர்கொண்ட ஒன்பது பாலிஸ்டிக் ஏவுகணையையும் சமாளிச்சதுன்னும் இருக்கு. நல்லா வேலை செய்யற சிஸ்டம்தான். நல்லா வேலை செஞ்சதாலதான் நம்பினாங்க, நம்பினதால கேள்வி கேக்கலை. வானத்துல அமெரிக்கக் கூட்டணி விமானங்கள் பறந்தது 41,000 தடவை, எதிரி ஏவுகணை வந்தது ஒன்பது, அப்ப ஸ்கிரீன்ல ஒரு புள்ளி தெரிஞ்சா அது நம்ம ஆளா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்திங்கிற சின்னக் கணக்கு அந்த அளவுகோலுக்குள்ள எங்கயுமே இல்லை.

அப்ப மனுஷன் கையில கொடுத்துட்டா சரியாயிடுமான்னு கேப்பீங்க. ஆகாது. 1988 ஜூலை 3, பாரசீக வளைகுடாவுல வின்சென்ஸ்ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் பந்தர் அப்பாஸ்ல இருந்து துபாய் போன ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தைச் சுட்டு 290 பேர் செத்தாங்க, அதுல 66 பேர் குழந்தைங்க. அங்க கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லிச்சு, விமானம் மேல ஏறிட்டிருக்குன்னு பதிவாகியிருக்கு. உள்ள இருந்தவங்கதான் பதட்டத்துல அது தங்களை நோக்கி இறங்குதுன்னு படிச்சாங்க. அதனால மெஷின் கெட்டது மனுஷன் நல்லவன்னு நான் சொல்ல வரலை. மனுஷனும் மெஷினும் ஒருத்தர் தப்பை ஒருத்தர் பிடிக்கற அளவுக்கு நேரமும் தகவலும் நடுவுல இருக்கணும், அது சுருங்கச் சுருங்க ரெண்டுமே ஆபத்து.

இனி உங்க முதல் கேள்வி. நம்ம ஊர் டிவியில எல்லாத்தையும் டிரோன்னு ஒரே வார்த்தையில போட்டுக் குழப்பறாங்க. அரக்கோணம் ஐ.என்.எஸ் ராஜாளி கடற்படைத் தளத்துல 2020 நவம்பர்ல இருந்து கடற்படை குத்தகைக்கு எடுத்துப் பறக்க விடற எம்கியூ-9பி இருக்கே, 2024 செப்டம்பர்ல ஒண்ணு சென்னைக்கு அப்பால கடல்ல விழுந்துச்சே, அது ஆள் இல்லாத விமானம், அவ்வளவுதான், தரையில ஒரு பைலட் உட்கார்ந்து ஓட்டறார். ரஷ்யா உக்ரைன் மேல விடற ஷாஹித் வகை எப்படின்னா, கிளம்பறதுக்கு முன்னாடியே போய் விழ வேண்டிய இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்துடறாங்க, பெரும்பாலும் அது அங்க போய் விழுது, யாரை அடிக்கணும்னு அது யோசிக்கறதில்லை. மூணாவதா ஹார்ப்பி, இஸ்ரேல் செஞ்சது, இந்தியாவும் வாங்கியிருக்கு. ஒரு பகுதிக்கு மேல சுத்திக்கிட்டே இருக்கும், கீழ எந்த ரேடாராவது ஆன் ஆனா அந்த சிக்னலைப் பிடிச்சு அதுமேல போய் விழுந்திரும், எந்த ரேடார், எப்பன்னு விட்டவனுக்கே தெரியாது. இதுல ஏஐ எதுவும் இல்லை, இது 90கள்லயே வித்த சாமான். ஆனா இலக்கை அது தானே தேர்ந்தெடுக்குது. அதனால உங்க கேள்விக்குப் பதில், ஆமா, உண்மைதான், பல வருஷமாவே இருக்கு. போர்க்கப்பல்ல இருக்கற ஃபாலன்க்ஸ் பீரங்கி 1980லயே வந்திருச்சு, ஆட்டோமேட்டிக்ல போட்டா வர்ற ஏவுகணையை அதுவே கண்டுபிடிச்சு அதுவே சுடும். ஒலியை விட வேகமா கடல் மட்டத்துல வர்றதை மனுஷன் பாத்து யோசிச்சு சுட முடியாது, அங்க அது தேவைதான், எனக்கு அதுல ஆட்சேபம் கிடையாது.

என் ஆட்சேபம் எங்க ஆரம்பிக்குதுன்னா, இலக்கு ஏவுகணையில இருந்து ரேடாராகி, ரேடாரில இருந்து வண்டியாகி, வண்டியில இருந்து ஆளா மாறும்போது. ரேடார் சிக்னல் வந்தா அது ரேடார்தான், பெரிய சந்தேகம் இல்லை. கையில நீளமா ஏதோ வச்சிருக்கற ஆள் சிப்பாயா விவசாயியா, கையைத் தூக்கி சரணடையறானா, காயம்பட்டவனைத் தூக்கிட்டுப் போறானா, இதை எந்த சென்சார் சொல்லும்? லிபியாவில 2020ல பின்வாங்கிப் போன படைகள் மேல துருக்கியோட கார்கு-2 வகை டிரோனைப் பயன்படுத்தினாங்கன்னும், அது ஆபரேட்டரோட தொடர்பே தேவைப்படாம இலக்கைத் தாக்கற மாதிரி புரோகிராம் பண்ணினதுன்னும் ஐ.நா நிபுணர் குழு 2021ல அறிக்கை கொடுத்துச்சு. உடனே உலகம் பூரா "ரோபோ மனுஷனைக் கொன்னுருச்சு"ன்னு தலைப்பு போட்டாங்க. அறிக்கையில யாரும் அதால செத்தாங்கன்னு இல்லை, அன்னிக்கு அது தானாதான் ஓடிச்சான்னும் இல்லை. இந்த மாதிரி ஆயுதத்துல பெரிய சிக்கலே இதுதான், கையால ஓட்டினானா தானா போச்சான்னு வெளிய இருந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, உள்ள இருக்கற பதிவுதான் சாட்சி, வெடிச்சதும் அதுவும் போயிரும்.

இப்ப இதை வேகமா தள்ளிட்டுப் போறது உக்ரைன். தத்துவமோ திட்டமோ எதுவும் இல்லை, ஜாமிங்தான், அதாவது எதிரி ரேடியோ சிக்னலை அடைக்கறதுதான் காரணம். எஃப்பிவி டிரோனை ஒருத்தர் கண்ணாடி மாட்டிக்கிட்டு வீடியோ பாத்து ஓட்டறார், இலக்குக்குக் கிட்ட போகப் போக டிரோன் தாழ இறங்குது, சிக்னல் மறையுது, எதிரியோட ஜாமர் அங்கதான் இருக்கு, கடைசி சில நூறு மீட்டர்ல படம் புள்ளி புள்ளியாகி வெள்ளையாயிருது. அதுக்கு ரெண்டு வழி கண்டுபிடிச்சாங்க. ஒண்ணு, ஃபைபர் ஆப்டிக் கேபிளைப் பின்னாடியே விட்டுக்கிட்டுப் போறது, வயல் பூரா, மரம் பூரா சிலந்தி வலை மாதிரி கண்ணாடி இழை தொங்கற படம் நீங்களும் பாத்திருப்பீங்க. இன்னொண்ணு, ஆபரேட்டர் தூரத்துல இருந்தே இலக்கைக் குறிச்சு லாக் பண்ணிட்டா மிச்ச தூரத்தை டிரோன்ல இருக்கற சின்ன சிப் படத்தைப் பாத்து அதுவே முடிச்சிரும். இன்னிக்கு அந்த லாக்கை மனுஷன்தான் பண்றார். நாளைக்கு ஜாமர் இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளி வேலை செஞ்சா, லாக் பண்ற வேலையும் உள்ள போயிரும், யாரும் உட்கார்ந்து "இனிமே மெஷினே முடிவெடுக்கட்டும்"னு தீர்மானம் போட மாட்டாங்க, ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்ல வந்திரும். எனக்குப் பயம் அதுதான்.

விமானம் பக்கமும் அதே ஓட்டம்தான். 2024 மே மாசம் அமெரிக்க விமானப்படைச் செயலரா இருந்த ஃபிராங்க் கெண்டல் கலிஃபோர்னியாவில எட்வர்ட்ஸ் தளத்துல, ஏஐ ஓட்டின மாத்தியமைச்ச எஃப்-16ல தானே உட்கார்ந்து பறந்து காட்டினார். நம்ம பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் டி.ஆர்.டி.ஓவும் 2022 ஜூலை 1 அன்னிக்கு சித்ரதுர்காவில வால் இல்லாத ஒரு சின்ன விமானத்தை தானே ஏறி, தானே பறந்து, தானே இறங்க வச்சாங்க. தானா பறக்கறதும் தானா சுடறதும் வேற வேற, முதல் விஷயத்தைப் பாத்து பயப்படாதீங்க, உங்க படிப்புக்கு அது நல்ல வேலை.

இந்தியாகிட்ட ஹார்ப்பி இருக்குன்னு சொல்லிட்டேன். ஹாரோப்னு அதோட தம்பி இருக்கு, அதுல கேமரா உண்டு, ஆபரேட்டர் பாத்து முடிவெடுக்கலாம், வேணாம்னா நிறுத்தலாம். 2025 மே மாசம் ஆபரேஷன் சிந்தூர் சமயத்துல இந்தியா லாகூர் உள்பட சில இடத்துல வான் பாதுகாப்பு ரேடார்களை அடிச்சதா அறிவிச்சது, ஹாரோப்ங்கிற பேரைச் சொன்னது பாகிஸ்தான் ராணுவம். அடுத்த ராத்திரி அங்கிருந்து 36 இடத்துக்கு 300ல இருந்து 400 டிரோன் வந்துச்சுன்னு நம்ம தரப்பு சொல்லிச்சு. நானூறு ஒரே ராத்திரியில வந்தா கேபின்ல உட்கார்ந்திருக்கறவன் ஒவ்வொண்ணுக்கும் டெலிபோன் கைப்பிடியைச் சுத்திட்டு இருக்க முடியாது, ஆட்டோமேட்டிக்குத்தான் போவான். நான் இருந்தாலும் போவேன்.

தடை பத்திக் கேட்டீங்க. தானா முடிவெடுக்கற ஆயுதம் உலகத்துக்கே பழசு தம்பி, அதுக்குப் பேரு கண்ணிவெடி. மிதிச்சது யாருன்னு அது பாக்காது, போர் முடிஞ்சதும் அதுக்குத் தெரியாது. வன்னியில, முகமாலையில, மிதிவெடி அகற்றற பெண்கள் குப்புறக் குனிஞ்சு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி எடுக்கற படத்தைப் பாருங்க, போர் 2009ல முடிஞ்சது, வேலை வருஷக்கணக்கா முடியலை. அதே வன்னி சனங்க தலைக்கு மேல சுத்தின வேவு விமானத்துக்கு வண்டுன்னு பேர் வச்சிருந்தாங்க, அந்த இரைச்சல் கேட்டா அடுத்து என்ன வரும்னு பிள்ளைங்களுக்குக்கூட தெரியும். அந்த வண்டு பாக்க மட்டும்தான் செஞ்சது, முடிவு வேற எங்கயோ மனுஷங்க எடுத்தாங்க, அதனால சாவு குறையலைங்கிறதையும் நான் மறக்கலை.

கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் 1997ல வந்துச்சு, இலங்கை 2017ல சேர்ந்தது, இந்தியா இன்னும் சேரலை, 2025ல பால்டிக் நாடுகளும் பின்லாந்தும் போலந்தும் விலகறதா முடிவு பண்ணிட்டாங்க. இதைப் பாத்தா நம்பிக்கை போகும். ஆனா கண்ணைக் குருடாக்கற லேசர் ஆயுதத்தை, போர்க்களத்துக்குப் பரவலா வர்றதுக்கு முன்னாடியே 1995ல தடை பண்ணினாங்க, அது பெருமளவுக்கு நிக்குது. தானியங்கி ஆயுதம் பத்தின பேச்சும் அந்த லேசர் தடை வந்த அதே ஒப்பந்தத்தோட கீழதான் ஜெனீவாவில 2014ல இருந்து ஓடுது, 2017லயும் 2018லயும் அந்தப் பேச்சு நடத்தற குழுவுக்குத் தலைமை வகிச்சது நம்ம நாட்டுத் தூதர் அமன்தீப் சிங் கில். அங்க எல்லாரும் ஒத்துக்கணும்ங்கிற விதி இருக்கறதால ஒரு நாடு முரண்டு பிடிச்சா போதும், நகராது. 2023 டிசம்பர்ல ஐ.நா பொதுச்சபையில இதைப் பத்தி ஒரு தீர்மானம் வந்து 152 நாடு ஆதரிச்சது, எதிர்த்தது நாலே நாலு, ரஷ்யா, பெலாரஸ், மாலி, அப்புறம் இந்தியா. ஜெனீவாதான் சரியான இடம், சட்டம் போட இன்னும் காலம் வரலைங்கிறது நம்ம நிலைப்பாடு. நான் சீருடை போட்டவன், ரெண்டு பக்கமும் எப்படிப்பட்ட எல்லைன்னு தெரியும், ஆயுதமே வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வாக்கு எனக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டேன். அமெரிக்காவும் யோக்கியம் இல்லை, அவங்க 2012ல போட்டு 2023ல புதுப்பிச்ச விதியில மனுஷன் கட்டாயம்னு இல்லவே இல்லை, தகுந்த அளவு மனுஷத் தீர்ப்பு இருக்கணும்னு மட்டும்தான் இருக்கு, அந்தத் தகுந்த அளவை அளக்கறது யாரு? செஞ்சிலுவைச் சங்கம் 2021ல சொன்னதுதான் எனக்கு நடைமுறைக்கு ஏத்ததா படுது, மனுஷனைக் குறிவைக்கற தானியங்கியையும், என்ன பண்ணும்னு முன்கூட்டி சொல்ல முடியாததையும் தடை பண்ணு, மத்ததுக்கு இடம், நேரம், இலக்கு வகைன்னு எல்லை கட்டு.

சரி, வேலை. அந்தக் கம்பெனி பேரை நீங்களும் சொல்லலை, நானும் கேக்கலை. வெளிய தெரிஞ்ச ஒண்ணை வச்சுச் சொல்றேன். நாக்பூர்ல செய்யற நாகாஸ்திரா-1, ராணுவம் 480 ஆர்டர் கொடுத்துச்சு, ஆபரேட்டர் ஓட்டினா 15 கிலோமீட்டர், தானா போற மோடுல 30 கிலோமீட்டர்னு செய்தி வந்துச்சு. அதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்கு, இலக்கு இல்லைன்னாலோ வேணாம்னு தோணினாலோ தாக்குதலை ரத்து பண்ணிட்டு பாராசூட்ல திருப்பி இறக்கலாம். யாரோ ஒரு இன்ஜினியர் எடையைக் கணக்குப் பாத்து, இடத்தைப் பிடிச்சு, சண்டை போட்டு அந்தப் பாராசூட்டை உள்ள வச்சிருப்பார். ஒரு கிலோ வெடிமருந்து போற சின்ன சாமான்ல பாராசூட்டுக்கு இடம் ஒதுக்கறது லேசு இல்லை. நீங்க அந்த ஆளா இருக்க முடியும்னா போங்க.

சேர்றதுக்கு முன்னாடி கூச்சப்படாம அவங்ககிட்ட கேளுங்க. ஆபரேட்டர் வேணாம்னு சொல்றதுக்கு எத்தனை செகண்ட் கொடுத்திருக்கீங்க, அந்த நேரத்துல அவர் ஸ்கிரீன்ல என்னென்ன தெரியும், கம்ப்யூட்டர் இது டாங்கின்னு சொல்லும்போது எவ்வளவு நிச்சயமா சொல்லுதுன்னும் காட்டுமா, இல்லை வெறும் சிவப்புப் பெட்டி மட்டும்தானா, வெடிக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற பதிவு தரைக்கு வந்து சேருமா, பள்ளிக்கூட பஸ்ஸையும் டிராக்டரையும் வச்சு டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா. முக்கியமா, ஜாமிங்ல தொடர்பு அறுந்துபோச்சுன்னா அது கடைசியா கிடைச்ச உத்தரவை வச்சு மேல போகுமா, திரும்பி வருமா, செயலிழந்து விழுமா, இதை முடிவு பண்ணினது உங்க கம்பெனியில யாரு, அவர் பேர் ஏதாவது ஒரு கோப்புல கையெழுத்தோட இருக்கா. இன்டர்வியூ எடுத்தவர் எச்.ஆர்னா அவருக்கு இது தெரியாது, ஃபிளைட் டெஸ்ட் பண்றவங்க யாரையாவது பாத்துப் பேசணும்னு கேளுங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, கையெழுத்து அதுக்கப்புறம் போட்டுக்கலாம்.